சக்கரம் வைத்த வீட்டுக்குக் கரண்ட் எங்கிருந்து?

தலைப்பைப் பார்த்ததும் "இ.இ.இ.காரன் பாடம் நடத்த வந்துட்டான்டா" என்று அடுத்த பக்கத்துக் கவிதைக்குத் தாவப் போகும் அன்பு நண்பர்களே, ஒரு நிமிஷம்! கவிதை எங்கேயும் ஓடிப் போகாது. நான் பேச வந்தது ராத்திரி பகலாக நம் ஊர் ஹைவேயில் ஓடிக்கொண்டிருக்கிற, ஓடாத நேரத்தில் ரோட்டோரம் வரிசையாக நிற்கிற வீடுகளைப் பற்றி. ஆமாம், வீடுகள்தான். லாரிகளைச் சொல்கிறேன்.

வெளிநாட்டில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாத்தா பாட்டிகள் கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் வைத்த வண்டியில் ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். நம் பக்கம் அதற்குக் கேரவன் என்று பேர். ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ போய் உட்காருகிற வண்டி என்றால் எல்லோருக்கும் புரியும். கேரளாவில் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு திட்டம் அறிவித்தார்கள். அந்த மாதிரி வண்டிகளில் எத்தனை வாட் இன்வெர்ட்டர், எத்தனை பாட்டரி, எந்த அளவு கேபிள் என்று முன்கூட்டியே உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். வருஷத்தில் பத்து நாள் உல்லாசமாகப் போகிறவருக்கு இந்தக் கணக்கு உண்டு. மாசத்தில் இருபது, இருபத்தஞ்சு நாள் கேபினிலேயே படுத்து, கேபினிலேயே எழுந்து, அங்கேயே சட்டை மாற்றிக்கொள்கிற டிரைவருக்கு என்ன கணக்கு? ரோட்டோர எலக்ட்ரீஷியனின் கைக்குக் கிடைத்த வயர்தான் கணக்கு.

என் கட்சி இதுதான்: இந்த நாட்டின் நிஜமான கேரவன் லாரி கேபின். அதற்குள் கரண்ட் வேண்டும் என்று டிரைவர் கேட்பது ஆடம்பரம் இல்லை. அதைச் சரியாகச் செய்து கொடுக்க வேண்டிய ஆட்கள் நாம்.

ஏன் நாம்? நாம் இருக்கிற இடம் அப்படி. கிருஷ்ணகிரியில் சென்னை ரோடும் சேலம் ரோடும் சேர்ந்து ஓசூர் வழியாகப் பெங்களூருக்குப் போகிறது. பழைய ஏழாம் நம்பர் ஹைவே இப்போது என்.எச்.44. ஒரு காலத்தில் ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் வரிச் சீட்டுக்காக லாரிகள் மணிக்கணக்கில் நின்றன. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் அந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போய்விட்டன. நிற்பது போய்விட்டதா? இல்லை. பெங்களூருக்குள் பகலில் கனரக வண்டி நுழைய நேரக் கட்டுப்பாடு இருப்பதால் இந்தப் பக்கமே ஒதுங்கி நிற்கிறார்கள். சிப்காட் கம்பெனி வாசலில் "கேட் பாஸ் வரல, காத்திருங்க" என்று நிற்கிறார்கள். மாம்பழ சீசனில் கூழ் ஃபாக்டரி வாசல்களைப் போய்ப் பாருங்கள்; லோடு இறங்க ஒரு ராத்திரி முழுக்க ஆகும். அந்த ராத்திரி டிரைவர் எங்கே தூங்குவார்? கேபினில். கொசு வேறு. ஃபேன் இல்லாமல் மனுஷன் தூங்க முடியுமா? தூங்காத டிரைவர் விடியற்காலை என்ன நிலைமையில் ஸ்டியரிங் பிடிப்பார் என்று தொப்பூர் கணவாய்ப் பக்கத்து ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நான் இதைச் சொன்னபோது எங்கள் கிளாஸிலேயே ஒருத்தன் கேட்டான்: "இப்பதான் லாரிக்கு ஏ.சி. கட்டாயம்னு சட்டமே வந்தாச்சே, அப்புறம் என்னடா?" நல்ல கேள்வி. 2023 டிசம்பரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது உண்மை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினில் ஏ.சி. இருந்தே ஆக வேண்டும். வரவேற்கிறேன், கை தட்டுகிறேன். ஆனால் அந்த ஏ.சி.யின் கம்ப்ரசரைச் சுற்றுவது எது? இன்ஜின். இன்ஜினை நிறுத்தினால் ஏ.சி. நிற்கும். ஆக, அந்தச் சட்டம் டிரைவர் ஓட்டும்போது கூடவே வருகிறது, தூங்கும்போது இறங்கிப் போய்விடுகிறது! ராத்திரி முழுக்க இன்ஜினை ஐடிலில் விட்டுத் தூங்கினால் டீசலுக்கு முதலாளி சும்மா விடுவாரா? அமெரிக்காவின் பெரிய டிரக்குகள் ஐடிலிங்கில் மணிக்கு ஏறக்குறைய 3 லிட்டர் குடிக்கின்றன என்று அவர்கள் நாட்டுக் கணக்கு. நம் வண்டிகள் அதில் பாதி குடித்தாலும் எட்டு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு லிட்டர். அதோடு, 2025 அக்டோபருக்கு முன்னால் செய்த லட்சக்கணக்கான வண்டிகள் இன்னும் பல வருஷம் ஓடத்தானே போகின்றன?

"அப்படின்னா ஒரு சின்ன ஜெனரேட்டர் வெச்சுக்கலாமே" என்பது அடுத்த யோசனை. இதற்கு நான் பதில் சொல்வதைவிட வடகரை பதில் சொல்லும். 2024 டிசம்பர் 23. கேரளாவில், கோழிக்கோடு மாவட்டம் வடகரைக்குப் பக்கத்தில் ரோட்டோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் செத்துக் கிடந்தார்கள். காயம் இல்லை, சண்டை இல்லை. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் ஜெனரேட்டரை ஓடவிட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு தளத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியது தெரிந்தது. வாசனை இல்லாத, நிறம் இல்லாத வாயு. ஏ.சி. போட்டுக் கதவைச் சாத்திப் படுத்த ரெண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை. தூங்குகிற இடத்தை ஒட்டி இன்ஜின் ஓடக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பாட்டரியும் இன்வெர்ட்டரும் இந்த ஒரு விஷயத்தில் ஜெனரேட்டரை எங்கேயோ தூக்கி அடிக்கும். சத்தம் இல்லை, புகை இல்லை.

ஆக இன்வெர்ட்டர் வேண்டும் என்று நான் சொல்வதாக நினைக்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்.

நம் வீடுகளுக்குள் இன்வெர்ட்டர் எப்படி வந்தது? 2008-க்கு அப்புறம் வந்த மின்வெட்டில் வந்தது. 2012-ல் சென்னைக்கு வெளியே பாதி நாளுக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்களும் இருந்தன. ஊருக்கு ஊர் எலக்ட்ரீஷியன்கள் வீட்டு இன்வெர்ட்டர் மாட்டக் கற்றுக்கொண்டது அப்போதுதான். அந்தக் கைப்பழக்கமே லாரிக்கும் போனது. வீட்டில் பாட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே மூணடி தூரம். லாரியில் பாட்டரி சேசிஸ் பக்கவாட்டில், இன்வெர்ட்டர் கட்டிலுக்கு அடியில். வீட்டில் பாட்டரி டியூபுலர். லாரியில் ஸ்டார்ட்டர் பாட்டரி. வீட்டில் பாட்டரி செத்தால் ஃபேன் நிற்கும், விசிறியால் விசிறிக்கொள்ளலாம். லாரியில் பாட்டரி செத்தால் வண்டியே நிற்கும். இந்த மூன்று வித்தியாசத்தையும் மறந்ததுதான் எல்லாக் கஷ்டத்துக்கும் மூலம்.

இந்த பாட்டரி வித்தியாசத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். நம் பக்கத்து எருது விடும் விழாவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வாடியிலிருந்து விட்ட காளை சில விநாடி புயல் மாதிரி பாயும், அதோடு சரி. அதே காளையை ஏரில் பூட்டி ராத்திரி வரைக்கும் உழச் சொன்னால் என்ன ஆகும்? ஸ்டார்ட்டர் பாட்டரி அந்த விழாக் காளை. உள்ளே மெல்லிய தகடுகள், நிறைய. சில விநாடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டி இன்ஜினைக் கிளப்பும். ஆல்டர்னேட்டர் உடனே திருப்பி ரொப்பும். அதை ராத்திரி முழுக்கக் கறந்து, பாதிக்குக் கீழே இறக்கி, காலையில் ரொப்பி, மறுபடி இறக்கினால் தகட்டில் இருக்கிற மருந்து உதிர்ந்து சீக்கிரமே மண்டையைப் போடும். டியூபுலர் ஏர் மாடு. கனமான தகடு, மெதுவாக, நேரம் எடுத்து இழுக்கும்.

"இன்வெர்ட்டரிலேயே கட்-ஆஃப் இருக்கே, பாட்டரி இறங்கினா அதுவே ஆஃப் ஆயிடுமே!" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இதுதான் பெரிய ஏமாற்று. 24 வோல்ட் இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் 21 வோல்ட்டை ஒட்டித்தான் கட்-ஆஃப் ஆகும். ஃபுல் சார்ஜில் ஓய்வாக இருக்கிற ரெண்டு பாட்டரி ஜோடி 25.3 வோல்ட் காட்டும். பாதி சார்ஜில் 24.4. சின்ன லோடு ஓடும்போது 21 என்றால் அது வெறும் டப்பா. ஆக, அந்தக் கட்-ஆஃப் காப்பாற்றுவது இன்ஜின் கிளம்புவதை அல்ல. எங்கள் தெருவில் ஒரு டிரைவர் அண்ணன் இருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தம்பி, ராத்திரி ஃபேன் ஓடுச்சு, நல்லாத்தான் தூங்குனேன். காலைல சாவி போட்டா 'டக்'குனு ஒரு சத்தம், அவ்ளோதான். பின்னாடி நிக்கிற வண்டிக்காரன்கிட்ட பாட்டரி கடன் கேட்டு, கெஞ்சி, கயிறு கட்டி... லோடு லேட்டுன்னு வாடகையில புடிச்சுட்டாங்க." ஒரு ராத்திரித் தூக்கத்துக்கு ஒரு நாள் கூலி போச்சு. இதற்கு யார் பொறுப்பு? டிரைவரா?

இன்னொரு வேடிக்கை. லாரியில் ரெண்டு 12 வோல்ட் பாட்டரி சீரிஸில் இருக்கும், மொத்தம் 24. கடையில் மலிவாகக் கிடைப்பது காருக்கான 12 வோல்ட் இன்வெர்ட்டர். என்ன செய்கிறார்கள்? ரெண்டில் ஒரு பாட்டரியிலிருந்து மட்டும் வயர் எடுத்து மாட்டிவிடுகிறார்கள்! பாட்டு செட்டுக்கும் இதே வைத்தியம்தான். அண்ணன் தம்பி ரெண்டு பேரில் ஒருத்தன் மட்டும் வேலை செய்கிறான். சாப்பாடு மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே தட்டில். ஆல்டர்னேட்டர் மொத்தமாக 28 வோல்ட்தான் பார்க்கும். யாருக்குப் பசி என்று அதற்குத் தெரியாது. உழைக்கிற பாட்டரிக்குச் சார்ஜ் பத்தாது, சும்மா இருக்கிற பாட்டரிக்கு ஓவர் சார்ஜாகித் தண்ணீர் வற்றும். கடைசியில் ரெண்டும் போகும், "கம்பெனி பாட்டரி சரியில்லப்பா" என்று பழி கம்பெனிக்குப் போகும். சீரிஸ் சர்க்யூட் படித்த எந்த முதல் வருஷப் பையனும் இதைப் பேப்பரில் போட்டுக் காட்டிவிடுவான். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வைத்தால் தீர்ந்தது. சின்ன யானைக்கு இந்தத் தொல்லை இல்லை. அது பிறவியிலேயே 12 வோல்ட்.

சரி, வயருக்கு வருகிறேன். என் வயிற்றெரிச்சலே இங்கேதான்.

கடையில் 1500 வாட் கெட்டில் வாங்கி, 2000 வாட் என்று மேலே எழுதியிருக்கிற இன்வெர்ட்டரில் சொருகுகிறார் ஒருவர். ஒரு லிட்டர் தண்ணீர் நாலு நிமிஷத்தில் கொதிக்கும். பாட்டரியிலிருந்து போனது 5 ஆம்பியர் அவர்தான், ஒன்றும் குடி முழுகவில்லை. ஆனால் அந்த நாலு நிமிஷமும் வயரில் ஓடிய கரண்ட் எவ்வளவு? 1500 வாட்டை 24 ஆல் வகுத்து, இன்வெர்ட்டரின் எஃபிஷியன்சி 85 சதவீதம் என்று வைத்தால் 74 ஆம்பியர். வீட்டு வயரிங்கில் மிச்சமான 4 ஸ்கொயர் எம்.எம். வயரைத்தான் போட்டிருக்கிறார்கள். அது தாங்குவது 30 ஆம்பியர் சொச்சம். அதன் ரெசிஸ்டன்ஸ் மீட்டருக்குச் சுமார் 4.6 மில்லி ஓம். பாட்டரியிலிருந்து கேபினுக்கு 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர், 46 மில்லி ஓம். ஐ ஸ்கொயர் ஆர் போடுங்கள்: 252 வாட்! ஹாஸ்டலில் வார்டனுக்குத் தெரியாமல் வைத்திருக்கிற இம்மர்ஷன் ஹீட்டரில் நாலில் ஒரு பங்கு (பேர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்). அந்தச் சூடு கட்டிலுக்கு அடியில், மெத்தைக்கும் போர்வைக்கும் நடுவே ஓடுகிற வயரில்.

வோல்டேஜ் இறக்கத்தையும் பார்த்துவிடுங்கள். 74-ஐ 46 மில்லி ஓமால் பெருக்கினால் 3.4 வோல்ட். பாட்டரி முனையில் 24.5 இருந்தாலும் இன்வெர்ட்டருக்குப் போய்ச் சேருவது 21.1. அது 'பீப் பீப்' என்று கத்தி ஆஃப் ஆகிறது. "பாட்டரி வீக், மாத்துங்க" என்கிறார் எலக்ட்ரீஷியன். ரெண்டு புது பாட்டரி, பல ஆயிரம் ரூபாய். புது பாட்டரியிலும் அதே பீப்! அப்புறம் "இன்வெர்ட்டர் டூப்ளிகேட்டு" என்று அதையும் மாற்றுவார்கள். குற்றவாளி அந்த வயர்தான் என்று ஒரு மல்ட்டிமீட்டரை ரெண்டு முனையிலும் வைத்துப் பார்த்தால் ரெண்டு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். இன்வெர்ட்டருக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. வோல்டேஜ் குறைந்தால் பல்பு மாதிரி அது மங்காது. அதே வாட்டைக் கொடுப்பதற்காகக் கரண்ட்டை இன்னும் கூட்டி இழுக்கும். வயர் இன்னும் சுடும்.

இதற்கு மேல் ஃப்யூஸ் வேறு கிடையாது. இருந்தாலும் இன்வெர்ட்டர் பக்கத்தில் இருக்கும். ஃப்யூஸ் காப்பாற்ற வேண்டியது வயரை. ஆகவே அது பாட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். லாரி அதிருகிற அதிர்ச்சியில் சேசிஸ் விளிம்பில் வயர் உரசி உரசி இன்சுலேஷன் கிழிந்தால், நடுவில் ஃப்யூஸ் இல்லாத வயரில் பாட்டரி தன் மொத்தக் கோபத்தையும் காட்டும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கே நூற்றுக்கணக்கில் கொடுக்கிற பாட்டரி அது. ஷார்ட் சர்க்யூட்டில் கணக்குப் பார்க்குமா? தீ பிடித்த லாரிப் படத்தைப் பேப்பரில் பார்க்கும்போதெல்லாம் "மின் கசிவு காரணமாக" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எந்த வயர், எத்தனை எம்.எம்., ஃப்யூஸ் எங்கே என்று யாராவது கேட்கிறார்களா?

இப்போது என் யோசனைக்கு வருகிறேன். என்னுடைய இ.இ.இ. நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. லாரிக்கு நல்ல இன்வெர்ட்டர் என்பது முடிந்தவரைக்கும் ஆன் செய்யாத இன்வெர்ட்டர்!

ஒரு ராத்திரிக்கு என்னதான் வேண்டும்? 24 வோல்ட் டி.சி. கேபின் ஃபேன் 15 வாட், எட்டு மணி நேரம், 120 வாட் அவர். ரெண்டு செல்போன் சார்ஜ் ஏற 30. ஒரு எல்.இ.டி. விளக்கு 15. மொத்தம் 165 வாட் அவர். 24 வோல்ட்டில் 7 ஆம்பியர் அவர் கூட இல்லை. இதையே வீட்டு டேபிள் ஃபேன், வீட்டு பல்பு, வீட்டு சார்ஜர் என்று இன்வெர்ட்டர் வழியாகப் போட்டால்? ஃபேன் மட்டும் 50 வாட். இன்வெர்ட்டர் தன் பங்குக்குத் தின்பது தனி, லோடே இல்லாமல் சும்மா ஆனில் இருந்தாலும் தின்னும். எல்லாம் சேர்த்தால் 25 ஆம்பியர் அவரைத் தொடும். ஏழு எங்கே, இருபத்தஞ்சு எங்கே! டி.சி.யை ஏ.சி.யாக மாற்றி, அதைச் சார்ஜருக்குள் மறுபடியும் டி.சி.யாக மாற்றுவது, மூக்கைச் சுற்றித் தொடுகிற கதை. மலிவான இன்வெர்ட்டர் கொடுக்கிற சதுர அலையில் டேபிள் ஃபேன் மோட்டார் 'உய்ங்' என்று முனகிச் சூடாவது வேறு.

ஆகவே ஃபேன், விளக்கு, செல்போன் மூன்றும் நேரடி டி.சி. லேப்டாப், தாடி மெஷின், ஆஸ்துமாக்காரர்களுக்கு நெபுலைசர் இவற்றுக்கு 300 வாட் சைன் வேவ் இன்வெர்ட்டர். 24 வோல்ட்டில் 15 ஆம்பியர்தான் இழுக்கும். அதே 4 எம்.எம். வயர் தாராளமாகப் போதும், 20 ஆம்பியர் ஃப்யூஸ் போதும், வயரில் இறக்கம் முக்கால் வோல்ட்டுக்குள். 2000 வாட் வேண்டவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சமையலை கேஸ் அடுப்பிடமே விட்டுவிடுங்கள், அதுவும் கேபினுக்கு வெளியே. "பெரிசா வாங்கி வெச்சா பின்னாடி உதவும்" என்பது சட்டைக்குச் சரி, இன்வெர்ட்டருக்குச் சரிப்படாது. கையில் 2000 வாட் இருந்தால் இன்டக்ஷன் அடுப்பை வைக்க மனசு வரத்தானே செய்யும்?

முடிந்தால் ராத்திரிக்கென்று தனி பாட்டரி. வண்டி ஓடும்போது மட்டும் ஆல்டர்னேட்டரோடு சேருகிற மாதிரி நடுவில் ஒரு ரிலே. சாவியைத் திருப்பி எடுத்தால் ரெண்டும் பிரிந்துவிடும். ராத்திரி பாட்டரி காலியானாலும் காலையில் வண்டி கிளம்பும். ஒரு எச்சரிக்கை: லெட் ஆசிட் பாட்டரியைக் கட்டிலுக்கு அடியில் வைக்காதீர்கள், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். சேசிஸில் வெளியே, மூடி போட்ட பெட்டியில், காற்றோட்டத்தோடு இருக்கட்டும். தனி பாட்டரிக்குக் காசு இல்லாதவருக்கு? பாட்டரி 24.2-க்கு இறங்கினதும் ஃபேனைத் தவிர மற்றதை வெட்டிவிடுகிற ஒரு சின்ன சர்க்யூட். ஒரு கம்பேரேட்டர், ஒரு ஜீனர் டையோடு, ஒரு ரிலே, நாலு ரெசிஸ்டர். எலக்ட்ரானிக்ஸ் லேபில் ஒரு மத்தியானத்து வேலை.

இதைக் கம்பெனியே செய்யக் கூடாதா என்று கேட்கலாம். செய்யலாம், செய்ய வேண்டும். 1980 முதல் அசோக் லேலண்ட் நம் ஓசூரில் வண்டி செய்கிறது. பாட்டரி செய்கிற எக்ஸைடு ஓசூர்ப் பக்கம் இருக்கிறது. போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் செய்கிறார்கள், நம் சீனியர்கள் பலர் அங்கே பாட்டரி பேக் லைனில் நிற்கிறார்கள். மாவட்டமே பாட்டரியால் சம்பாதிக்கிறது. அந்த பாட்டரியை ஏற்றிக்கொண்டு போகிறவர் மட்டும் புழுக்கத்தில் படுக்கிறார். ஆனால் எல்லா லாரியும் முழுசாகக் கம்பெனியிலிருந்து வருவதில்லை. வெறும் சேசிஸை முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு ஓட்டிப் போவதை இதே ரோட்டில் பார்த்திருக்கிறோமே! அது நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பட்டறைகளில் பாடி கட்டிக்கொள்ளும். அங்கே மரவேலை, பெயின்ட், கண்ணாடிக்கு மேல் எழுத்து, பூ வேலை எல்லாம் பிரமாதமாக இருக்கும். வயரிங்கை மட்டும் கடைசி நாள் கடைசி மணி நேரத்துக்குத் தள்ளுவார்கள். முதலாளியும் கேட்பதில்லை. அவர் கேபினில் படுப்பதில்லையே!

இப்போது நம் கதைக்கு வருவோம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்று நாம் என்ன செய்கிறோம்? ஊர்ப்பெயர் சொல்லாமல் சொல்கிறேன், பஸ் ஏறிப் போய் ரெடிமேடாக வாங்கிவருகிறோம். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் பஸ்ஸர் அடிக்கிற சர்க்யூட் இந்த மாநிலத்தில் இன்னும் எத்தனை வேண்டும்? வைவா முடிந்ததும் அது எங்கே போகிறது? லேப் பீரோவுக்குப் பின்னால். அந்தக் காசில் பாதி இருந்தால் ஒரு லாரி கேபினுக்கு ஃப்யூஸ், சரியான வயர், கட்-ஆஃப் சர்க்யூட், டி.சி. ஃபேன் எல்லாம் வந்துவிடும் என்று கடையில் விலை விசாரித்துவிட்டே எழுதுகிறேன். எக்ஸ்டர்னல் எக்ஸாமினரை லேபுக்குக் கூப்பிட வேண்டாம், ரோட்டோரத்துக்கே கூட்டிப் போவோம். டிரைவர் கேட்கிற கேள்வியை விடவா அவர் கஷ்டமாகக் கேட்டுவிடுவார்?

எங்கள் தெரு அண்ணன் தன் வண்டியைத் தருவதாகச் சொல்லிவிட்டார். மாசத்தில் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை வண்டி வீட்டுப் பக்கம் நிற்கும். சர்க்யூட்டுக்கு நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். பாட்டரிப் பெட்டியைச் சேசிஸில் பொருத்த மெக்கானிகலில் வெல்டிங் கை வந்த ரெண்டு பேர் வேண்டும். ஆல்டர்னேட்டர் நேம் பிளேட்டைப் படித்து எத்தனை ஆம்பியர் மிச்சம் இருக்கிறது என்று சொல்ல ஆட்டோமொபைலில் ஒருத்தர். தெலுங்கும் கன்னடமும் தெரிந்தவர் என்றால் இன்னும் நல்லது, எல்லையில் நிற்கிற மற்ற டிரைவர்களிடமும் பேசிப் பார்க்கலாம். வருகிறவர்கள் மத்தியான பெல் அடித்ததும் மெஷின்ஸ் லேப் வாசலுக்கு வாருங்கள். மல்ட்டிமீட்டர் இருந்தால் கையோடு எடுத்து வரவும், எங்களிடம் இருப்பதில் ஒன்றுக்கு ப்ரோப் அறுந்து கிடக்கிறது.